அம்மாவுக்குப் பிறகு அண்ணனைப் பார்த்துக்கொள்ள இப்போதே செய்ய வேண்டியவை

ஆட்டிசம் உள்ளவருக்கு 18 வயது நிறைந்துவிட்டால், அவருக்காகக் கையொப்பமிடும் உரிமை பெற்றோருக்கும் தானாகத் தொடர்வதில்லை. இந்த உண்மையைப் பல குடும்பங்கள் தந்தை இறந்தபின் வங்கியில் நிற்கும்போதுதான் அறிகின்றன. என் அண்ணன் நடுவயதை எட்டிவிட்டார். அவரைப் போன்றவர்களின் உடன்பிறந்தோர், பெற்றோர் நலமாக இருக்கும்போதே சிலவற்றைச் செய்துவிட வேண்டும்.

முதல் வேலை ஒரு நோட்டு வாங்குவது. சட்டத் தாள்களை விட இதையே நான் முன்னால் வைப்பேன். அண்ணனைப் பற்றிக் கேட்டால், "அவன் பாட்டுக்கு இருப்பான்" என்றுதான் அம்மா சொல்வார். மிக்ஸியைப் போடுமுன் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவதும், சாம்பாரைச் சோற்றில் ஊற்றாமல் தனிக் கிண்ணத்தில் வைப்பதும் அம்மாவுக்கே தெரியாமல் நடப்பவை. ஆகவே கேட்பதோடு நில்லாமல், சில நாள்கள் உடனிருந்து காலை முதல் இரவு வரை பார்த்து எழுதுங்கள். வலியைச் சொல்லத் தெரியாதவர் அதை எப்படிக் காட்டுகிறார் (உண்ண மறுக்கிறாரா, கையைக் கடிக்கிறாரா, ஓரிடத்தில் உட்கார மறுக்கிறாரா), தீபாவளி வெடிச்சத்தத்தை எந்த அறையில் கழிக்கிறார், முடிவெட்ட யாரிடம் தலையைக் கொடுக்கிறார் என்பன எல்லாம் அதில் இருக்கட்டும். ஆட்டிசம் உள்ளவர்களிடம் வலிப்பு மற்றவர்களை விட அதிகம் காணப்படுவதால், மருந்தின் பெயர், அளவு, வலிப்பு வந்தால் செய்ய வேண்டியது ஆகியவற்றை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

அடுத்து, தாள்கள். யுடிஐடி எனப்படும் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை இல்லையென்றால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்து அதை முதலில் பெறுங்கள். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர் அளவிலான குழுவிடம் பெற்றோரோ உறவினரோ விண்ணப்பித்துச் சட்டப்பூர்வ பாதுகாவலரை நியமிக்கச் செய்யலாம். நியமிக்கப்பட்டவர் 6 மாதங்களுக்குள், தம் பொறுப்பில் உள்ளவருடைய சொத்துப் பட்டியலைக் குழுவிடம் தர வேண்டும். பிறகு ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். எனவே அவருடைய பணத்தை உங்கள் வங்கிக் கணக்கோடு ஒருபோதும் கலக்காதீர்கள். அதே சட்டத்தின் கீழான நிராமயா திட்டம் 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு தருகிறது.

தந்தையோ தாயோ அரசு ஓய்வூதியர் என்றால், சம்பாதிக்க இயலாத மகன் அல்லது மகளின் பெயரை ஓய்வூதிய ஆவணத்தில் அவர்கள் உயிரோடு இருக்கும்போதே சேர்க்கச் சொல்லுங்கள். பின்னால் அலைவது மிகக் கடினம்.

இத்தனைக்கும் நடுவே அண்ணனின் விருப்பம் மறக்கப்படுவதுதான் வழக்கம். உங்கள் வீட்டுக்கு அவர் வரப்போகிறார் என்றால், அம்மா இருக்கும்போதே ஓரிரவு, பிறகு சில இரவுகள் என்று தங்கவையுங்கள். பேசாதவராயினும், அந்த அறையில் உறங்குகிறாரா, கதவருகே செருப்போடு நிற்கிறாரா என்பதே அவர் தரும் பதில். மாற்றத்துக்குச் சில நாள்கள் முன்பே புகைப்படங்களைக் காட்டிச் சொல்வது பெரும்பாலும் உதவும்.

"கடைசிவரை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று பெற்றோரிடம் வாக்குக் கொடுக்குமுன் உங்கள் கணவரிடமோ மனைவியிடமோ வெளிப்படையாகப் பேசுங்கள். சில குடும்பங்களுக்கு, பொருத்தமான பராமரிப்பு இல்லத்தில் அவரைச் சேர்த்து, வாரந்தோறும் சென்று பார்ப்பதே நல்ல ஏற்பாடாக அமையும். அதைக் கைவிடுதல் என்று உறவினர் பேசினால், அவரை இரண்டு நாள்கள் தம் வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா என்று அவர்களிடம் கேட்கலாம்.