பிளாஸ்மாவில் வார்ஃபரினின் இரு ஆடி எதிருருக்களைத் தனித்தனியே அளப்பது எப்படி?

இரத்தம் உறைவதைத் தடுக்கத் தரப்படும் வார்ஃபரின் மாத்திரையில், ஆடி பிம்பம்போல் ஒன்றுக்கொன்று எதிராக அமைந்த ஆர், எஸ் என்னும் இரு மூலக்கூறுகள் சம அளவில் உள்ளன. எஸ் வடிவம் மற்றதைவிட ஏறத்தாழ 3 முதல் 5 மடங்கு வீரியம் மிக்கது; ஆனால் கல்லீரலில் சி.ஒய்.பி. 2சி9 என்னும் நொதி அதை விரைவாகச் சிதைப்பதால், பிளாஸ்மாவில் பொதுவாக ஆர் வடிவமே மிகுந்திருக்கும். ஆகவே இரண்டையும் கூட்டிச் சொல்லும் ஒற்றை எண் மருத்துவருக்குப் பெரிதாக உதவாது என்பது என் உறுதியான கருத்து.

படி 1: மாதிரியைத் தயாரித்தல்

இரத்தத்தை மையவிலக்கியில் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்தெடுத்து, இழப்பை ஈடுசெய்வதற்காக அகத் தரப்பொருளை (ஒப்பீட்டுக்காகச் சேர்க்கும் வேறொரு பொருள்) குறித்த அளவில் சேர்க்க வேண்டும். வார்ஃபரினில் சுமார் 99% அல்புமின் புரதத்தோடு பிணைந்திருக்கும். வார்ஃபரின் வலுக்குறைந்த அமிலம் என்பதால், பிளாஸ்மாவில் நீர்த்த அமிலத்தைச் சேர்த்தால் அது மின்னூட்டம் இழந்து, எத்தில் அசிட்டேட் என்னும் கரிமக் கரைப்பானுக்குள் எளிதில் சென்றுவிடும். அந்தக் கரைப்பான் அமைந்த மேலடுக்கைத் தனியே எடுத்து, நைட்ரஜன் வாயுவைச் செலுத்தி உலர்த்தி, எஞ்சியதை இயங்கு கரைசலில் (பிரிகைக் குழல் வழியே மாதிரியைச் சுமந்து செல்லும் திரவம்) கரைத்துக்கொள்ளவும்.

படி 2: பிரித்தல்

முழுக் கவனமும் தேவைப்படும் இடம் இதுதான். இரு வடிவங்களுக்கும் நிறையும் ஒளி உறிஞ்சும் தன்மையும் ஒன்றே என்பதால், மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் நிறைமாலைமானியால்கூட அவற்றை வேறுபடுத்த இயலாது. திரவ நிறப்பிரிகையில் பொதுவாகப் பயன்படும் சி18 பிரிகைக் குழலில் இரண்டும் ஒரே நேரத்தில் வெளியேறி, வரைபடத்தில் ஒரே முகடாகவே தெரியும். எனவே ஆல்ஃபா-1 அமில கிளைகோபுரோட்டீன், செல்லுலோஸ் வழிப்பொருள், வான்கோமைசின் ஆகியவற்றுள் ஒன்று பதிக்கப்பட்ட கைரல் குழல், அதாவது ஆடி எதிருருக்களை வேறுபடுத்தும் குழல் வேண்டும். இவற்றுள் முதலாவதான புரதக் குழலானால், பாஸ்பேட் தாங்கற்கரைசலில் (பி.எச். மாறாமல் காக்கும் கரைசல்) சிறிதளவு 2-புரொப்பனால் கலந்து செலுத்தலாம். அதன் கொள்திறன் குறைவு; அளவுக்கு மீறிச் செலுத்தினால் முகடுகள் அகன்று ஒன்றோடொன்று கலந்துவிடும். பி.எச். மதிப்பும் வெப்பநிலையும் சிறிது மாறினாலும் பிரிவு மாறும் என்பதால் இரண்டையும் நிலையாக வைத்திருக்க வேண்டும்.

இரு முகடுகளும் எவ்வளவு தெளிவாகப் பிரிந்துள்ளன என்பதைக் காட்டும் பிரிவுத்திறனைக் கணக்கிட, முகடுகளின் நேர இடைவெளியை இரட்டித்து, அடி அகலங்களின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, முகடுகள் 10, 12 நிமிடங்களிலும், அகலங்கள் 1.2, 1.3 நிமிடங்களாகவும் இருந்தால் விடை 1.6, குறைந்தது 1.5 இருந்தால் போதும்.

எது முதலில் வரும் என்பது குழலுக்குக் குழல் மாறுபடுவதால், தூய எஸ் வடிவத்தை மட்டும் செலுத்தி அதன் நேரத்தை உறுதிசெய்யவும். சிறிய எஸ் முகடு, பெரிய ஆர் முகட்டின் வாலில் அமர்ந்தால் அதன் பரப்பளவு பிழையாகும். இயன்றவரை எஸ் முதலில் வெளிவரும் குழலையே தேர்ந்தெடுங்கள்.

படி 3: அளவிடுதலும் சரிபார்த்தலும்

மருந்து கலவாத பிளாஸ்மாவில் இரு வடிவங்களையும் தெரிந்த அளவுகளில் சேர்த்து, முகட்டின் அளவைச் செறிவோடு தொடர்புபடுத்தும் தனி அளவுத்திருத்தக் கோட்டை ஒவ்வொன்றுக்கும் வரைய வேண்டும். தரக்கட்டுப்பாட்டு மாதிரிகளின் (செறிவு முன்பே தெரிந்தவை) முடிவுகள் உண்மை மதிப்பிலிருந்து 15 விழுக்காட்டுக்குள்ளும், அளக்கக்கூடிய மிகக் குறைந்த செறிவில் 20 விழுக்காட்டுக்குள்ளும் இருத்தல் வேண்டும். இறுதியாக, எஸ் வடிவம் மட்டும் சேர்த்த பிளாஸ்மாவை எல்லாப் படிகளிலும் கொண்டுசென்று, கிடைக்கும் ஆர் முகட்டை நேரடியாகச் செலுத்திய தூய எஸ் கரைசலின் ஆர் முகட்டோடு (அதிலும் சிறிதளவு ஆர் கலந்திருக்கலாம்) ஒப்பிடுங்கள். அது கூடியிருந்தால், தயாரிப்பின்போதே ஒரு வடிவம் மற்றொன்றாக மாறுகிறதா என்று ஆராய வேண்டும்.