இறால் குளத்துக் கழிவுநீரைக் கஞ்சிப்பாசியால் சீராக்கும் முறை

மட்டக்களப்பு மாவட்டத்தின் வாகரை, பனிச்சங்கேணிப் பக்கத்து இறால் வளர்ப்பாளரிடம் பாசி வளர்க்கச் சொன்னால், ஆற்றுவாழை மூடிக் கிடக்கும் குளங்களை நினைத்து முகஞ்சுளிப்பதுண்டு. கிறசிலேரியா எனப்படும் கடற்பாசியான கஞ்சிப்பாசி அப்படிப்பட்டதல்ல. இறாலின் கழிவிலும் எஞ்சிய தீவனத்திலும் இருந்து வரும் அமோனியாவையும் பொஸ்பேற்றையும் உறிஞ்சி வளரும் இந்தப் பாசியை அறுவடை செய்து வெளியேற்றினால்தான் அவையும் குளத்தை விட்டு நீங்கும். விட்டுவிட்டால் அழுகி, வாங்கியதையெல்லாம் நீருக்கே திருப்பிக் கொடுத்துவிடும்.

எவ்வளவு பாசி தேவை என்பதை முதலில் கணக்கிட வேண்டும். 35 வீதம் புரதமுள்ள 1 கிலோ தீவனத்தில் அமோனியாவுக்கு மூலமான நைதரசன் ஏறத்தாழ 56 கிராம் இருக்கிறது. அதில் கால் பங்களவே இறாலின் உடலில் சேர, மிகுதி 42 கிராம் நீரிலும் சேற்றிலும் தங்குகிறது. ஈரமான கஞ்சிப்பாசி 1 கிலோ வளர்ந்தால் அது எடுத்துக்கொள்வது சுமார் 3 கிராம் மட்டுமே. ஆகவே 1 கிலோ தீவனத்தின் கழிவு முழுவதையும் அகற்ற 14 கிலோ பாசி புதிதாக வளர வேண்டியிருக்கும். தீவனத்தை அள்ளிக் கொட்டிவிட்டுப் பாசியை நம்பியிருப்பது வீண் என்பதே என் கருத்து.

பாசியை இறால் குளத்துக்குள் இடாமல், கழிவுநீர் முதலில் ஒரு மண்டித் தொட்டியில் தங்கி, அதன்பின் பாசிக் குளத்துக்கு வருமாறு அமைப்பது நல்லது. சேறு படிந்த பாசிக்கு வெளிச்சம் எட்டாது. விதைப்பாசியைக் கிணற்று நன்னீரில் கழுவக் கூடாது, உப்பு நீரிலேயே அலசி, நத்தையும் வேறு பாசியும் போக்கி, ஈரச் சாக்கில் நிழலில் கொண்டுவர வேண்டும். நோய் வந்த பண்ணையிலிருந்து மட்டும் எடுக்கவே வேண்டாம். ஒரு கைப்பிடியளவு, அதாவது 50 கிராம் கொத்துகளை 20 சென்ரிமீற்றர் இடைவெளியில் நைலோன் கயிற்றில் தளர்வாகக் கட்டி, நீர்மட்டத்துக்குக் கீழே 30 சென்ரிமீற்றரளவில் தொங்கவிட வேண்டும். இறுக்கிக் கட்டினால் முடிச்சடியில் வெளுத்து அறுந்துவிடும். சில நாளுக்கொரு தடவை கயிற்றை உலுக்கினால் படிந்த சேறு உதிரும். கொத்து இரட்டிப்பானதும், பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களில், தொடக்க அளவை விட்டு மிகுதியை அறுக்கலாம்.

பகலில் ஒட்சிசன் தரும் பாசி இரவில் அதையே உட்கொள்வதால், விடியுமுன் ஒட்சிசனை அளந்து, குறைந்திருந்தால் காற்றூட்டியை இயக்க வேண்டும். பாசிக் குளத்தில் நீர் நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் ஒரே நேரத்தில் அமோனியாவை அளந்தால், பாசி வேலை செய்கிறதா என்பது தெரியும்.

மாரியில், குளங்களுக்கு எடுக்கும் வாவி நீரின் உப்பு வெகுவாகக் குறைந்துவிடும். உப்புத்தன்மை ஆயிரத்தில் 15 பங்கிலிருந்து இறங்கத் தொடங்கியதும், பெரும்பகுதியை அறுத்துவிட்டு, விதைக்கு வேண்டிய அளவை மட்டும் உப்பு நீருள்ள தொட்டியொன்றில் பேணுங்கள்.