வலதுபுறம் திரும்புவதற்கு முன்: சிங்கப்பூரில் புதிதாக வண்டி ஓட்டுகிறவர்களுக்கு

சந்திப்புக்கு வந்து சேர்ந்த பிறகு தடம் தேடுகிறவர்களை நாள்தோறும் பார்க்கிறேன். பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனை நிலையத்தில் காய்கறி ஏற்றிக்கொண்டு தேக்காவுக்கு வேன் ஓட்டுவது என் வேலை. என் அக்காள் மகன் இப்போதுதான் உரிமம் எடுத்திருக்கிறான். அவனுக்குச் சொல்ல நினைத்ததையே இங்கே எழுதுகிறேன். ஊரில் பல ஆண்டு ஓட்டிவிட்டு இங்கே உரிமம் மாற்றிக்கொண்டவர்களுக்கும் இது வேண்டும்.

தடத்தைச் சந்திப்புக்கு வெகுமுன்பே முடிவு செய்யுங்கள். சாலையில் வரைந்திருக்கும் அம்புக்குறி அறிவுரை அன்று, கட்டளை. வலது அம்பு உள்ள தடத்தில் நின்றுவிட்டால் வலதுபுறம்தான் திரும்ப வேண்டும். தவறான தடத்தில் மாட்டிக்கொண்டால், அந்தத் தடம் கொண்டுபோகும் திசையில் போய்விடுங்கள். கடைசி நொடியில் மூக்கை நுழைத்து வரிசையை மறிப்பவரால் பின்னால் இரண்டு தடங்கள் நின்றுபோகின்றன. அந்த இடைவெளியில் வருகிற மோட்டார்சைக்கிள்காரர் விழுகிறார். இதைப் பார்த்தும் மனம் பதறாதவர் வண்டி ஓட்டக் கூடாது. இன்னொன்று: தவறவிட்ட திருப்பத்தைப் பிடிக்க, கிடைத்த இடத்தில் எல்லாம் யூ-டர்ன் எடுக்க முடியாது. அனுமதிப் பலகை உள்ள இடத்தில் மட்டுமே எடுக்கலாம்.

வலதுபுறம் திரும்பும் தடத்தில் நிற்கும்போது, அங்கே அம்பு விளக்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை மூன்றிலும் அம்பு காட்டும் சந்திப்பில், பச்சை அம்பு வந்தால்தான் திரும்பலாம். நேரே போகிறவர்களுக்குப் பச்சை எரிந்தாலும் உங்கள் அம்பு சிவப்பாக இருந்தால் நில்லுங்கள். பக்கத்து வண்டிகள் நகரும்போது பிரேக்கிலிருந்து கால் தானாக எழப் பார்க்கும், கவனம். 2018-இல் கிளமெண்டி ரோடும் காமன்வெல்த் அவென்யூ வெஸ்ட்டும் சேரும் சந்திப்பில், வலதுபுறம் திரும்பிய டாக்சி மீது நேரே வந்த கார் மோதி ஒரு பல்கலைக்கழக மாணவி இறந்தார். அதன் பிறகு நிலப் போக்குவரத்து ஆணையம் மேலும் பல சந்திப்புகளில் இந்த அம்பு விளக்குகளைப் பொருத்தியது.

அம்பு இல்லாத சந்திப்புகளில் முடிவு உங்கள் கையில் இருக்கிறது. பச்சை எரியும்போது நிறுத்தக் கோட்டைத் தாண்டி, நடுவே வெள்ளைக் கோடுகளால் குறித்திருக்கும் இடம்வரை போய்க் காத்திருக்கலாம். சக்கரங்களை நேராக வைத்தே நில்லுங்கள். முன்கூட்டியே வலப்பக்கம் ஒடித்து வைத்தால், பின்னாலிருந்து யாராவது இடித்த மாத்திரத்தில் எதிரே வருகிற வண்டிகளுக்குள் தள்ளப்படுவீர்கள்.

எதிர்ப்பக்கத்தில் ஒரு பேருந்தோ லாரியோ வலதுபுறம் திரும்பக் காத்திருந்தால், அதற்கு அப்பால் நேரே வருகிற தடம் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. அந்த ஓட்டுநர் கைகாட்டிப் போகச் சொன்னாலும் போகாதீர்கள். அவர் தம் வண்டியை நிறுத்தியிருக்கிறார், அவ்வளவே. அடுத்த தடத்தில் வருபவரை அவர் பார்த்திருக்க வேண்டும் என்பதில்லை. பின்னால் ஹாரன் ஒலிக்கும், ஒலிக்கட்டும். ஹாரன் அடிப்பவருக்கு உங்கள் முன்கண்ணாடி வழியே பார்க்க வழியில்லை. அவர் அவசரத்துக்காக நீங்கள் ஒரு முறைகூடத் திரும்பிவிடக் கூடாது என்பதை நான் மன்றாடியே கேட்கிறேன்.

எதிரே இடைவெளி கிடைத்ததும் வேலை முடிந்துவிட்டதாக எண்ணுவது பெரிய ஆபத்து. நீங்கள் நுழையப்போகும் சாலையைக் கடப்பவர்களுக்கும் அந்த நேரத்தில் பச்சை மனிதன், அதாவது நடப்பவர்களுக்கான பச்சை விளக்கு, எரிந்துகொண்டிருக்கலாம். முன்கண்ணாடியின் வலப்பக்கத் தூண் ஒரு முழு ஆளையே மறைக்கும். அவரும் நடக்கிறார், உங்கள் வண்டியும் வளைகிறது, இரண்டும் ஒரே வேகத்தில் அமைந்தால் தூணுக்குப் பின்னாலிருந்து அவர் வெளியே வரவே மாட்டார். தலையை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். தேக்கா வட்டாரத்தில் மாலை நேரத்தில் இதை மறக்கவே கூடாது. முதியவர்கள் சலுகை அட்டையைத் தட்டினால் பச்சை மனிதன் கூடுதலாக 3 முதல் 13 நொடிவரை எரியும் சந்திப்புகளும் உண்டு. அந்த நொடிகள் அவர்களுக்கு உரியவை.

வலதுபுறம் திரும்ப இரண்டு தடங்கள் இருந்தால், எந்தத் தடத்தில் தொடங்கினீர்களோ அதே தடத்தில் முடியுங்கள். புள்ளிக்கோட்டைத் தொடர்ந்து போனால் போதும். பக்கத்தில் நீளமான பேருந்து இருந்தால் அதற்கு இணையாக வளையாதீர்கள், சற்றுப் பின்தங்குங்கள்.

இடதுபுறம் திரும்புவதில் நம் ஊர்ப் பழக்கம் இங்கே செல்லாது. சிவப்பு எரியும்போது இடதுபுறம் திரும்பலாம் என்ற பலகை இருந்தால் மட்டுமே திரும்பலாம். அங்கும் முழுதாக நிறுத்தி, நடப்பவர்களுக்கும் வலப்பக்கமிருந்து வருபவர்களுக்கும் வழிவிட்ட பிறகே நகர வேண்டும். சிவப்பு விளக்கை மீறினால் காருக்கு 400 வெள்ளி அபராதம், 12 குற்றப்புள்ளிகள். உரிமம் எடுத்த முதல் ஆண்டில் 13 புள்ளிகள் சேர்ந்தால் உரிமமே பறிபோகும்.

இடதோரத்தில் பேருந்துத் தடம் இருந்தால், மஞ்சள் கோடு விட்டுவிட்டுப் போட்டிருக்கும் இடத்தில் உள்ளே நுழைந்து திரும்பலாம். சாதாரணப் பேருந்துத் தடம் வார நாள்களில் காலை 7.30 முதல் 9.30 வரையும் மாலை 5 முதல் 8 வரையும் நடப்பில் இருக்கும். நுழையும் முன் இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்துவிட்டுத் தோளுக்கு மேலும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். உணவு கொண்டுபோகும் சைக்கிள்காரர்கள் அந்த ஓரத்தில்தான் வருவார்கள்.