எடைக்குறைப்பு அறுவைக்குப் பின் முதல் ஆறு வாரங்கள்: நீலகிரி வீட்டுச் சமையலில் எதை எடுப்பது, எதை விடுவது

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை முடித்துக்கொண்டு கோயம்புத்தூரிலிருந்து மலையேறி வருபவரின் கையில் மருத்துவமனை ஓர் உணவுப் பட்டியலைக் கொடுத்து அனுப்பும். என் அக்காவுக்கும் கொடுத்தார்கள். கோத்தகிரி வீட்டின் சமையலறைச் சுவரில் அதை ஒட்டிவைத்துச் சமைக்கத் தொடங்கிய பிறகுதான், அதில் இருப்பவை உணவின் பெயர்களே என்பதும், உணவின் பதத்தை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்பதும் எனக்குப் புரிந்தது. ஒரே பருப்பு முதல் வாரத்தில் வடிகட்டிய நீராகவும், மூன்றாம் வாரத்தில் மசியலாகவும், ஆறாம் வாரத்தில் சாம்பாராகவும் உள்ளே போக வேண்டும். கீழே சொல்லும் வாரக் கணக்கு பொதுவானது. உங்கள் மருத்துவர் வேறு கணக்கு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

இந்த அறுவையில் பரவலாகச் செய்யப்படுபவை இரண்டு முறைகள். ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் அகற்றப்பட்டு, மீதி ஒரு குறுகிய குழாயாக நிற்கிறது. பைபாஸ் முறையில் இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்து நேரே குடலோடு இணைக்கிறார்கள்; உணவு போய்ச் சேரும் அந்தப் பையின் கொள்ளளவு ஏறக்குறைய 30 மில்லிதான். தையலிட்ட இடம் ஆறவும் வீக்கம் வடியவும் சில வாரங்கள் பிடிக்கும். அதற்குள் கெட்டியான ஒரு கவளம் போனால் அது அடைத்துக்கொள்ளும். நெஞ்சு இறுகி, வாயில் எச்சில் ஊறி, வாந்தியில் போய் முடியும்.

முதல் ஓரிரு நாட்கள் தெளிந்த நீராகாரமும், அதன்பின் இரண்டாம் வாரம் முடியும்வரை கட்டியில்லாத திரவ உணவும் கொடுக்கலாம். நீர்மோர், வடிகட்டிய காய்கறி சூப், கொழுப்பு நீக்கிய எலும்பு ரசம், சர்க்கரை சேர்க்காத பால் ஆகியவை ஏற்றவை. பாலைக் காய்ச்சி ஆறவைத்து, இரவு முழுவதும் குளிர்பதனப் பெட்டியில் மூடி வைத்தால், காலையில் ஆடை கனமாகப் படிந்திருக்கும். அதை எடுத்துவிட்டு மறுபடி காய்ச்சிக் கொடுங்கள். சிலருக்கு அறுவைக்குப் பின் பால் ஒத்துக்கொள்ளாமல் வயிறு உப்பும். அவர்களுக்கு மோர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

அளப்பதற்கு நாங்கள் இருமல் மருந்துப் புட்டியின் மூடியைப் பயன்படுத்தினோம். 10 மில்லி கோடுவரை ஊற்றி, அதையும் இரண்டு மடக்காகக் குடித்துவிட்டு, அக்கா கண்ணை மூடிச் சற்று நேரம் காத்திருப்பாள். ஒரு மணி நேரத்துக்கு 100 மில்லி என்று வைத்துக்கொண்டால், விழித்திருக்கும் 15 மணி நேரத்தில் ஒன்றரை லிட்டர் சேர்ந்துவிடும். குறைந்தது அவ்வளவாவது வேண்டும். குளிரில் தாகமே எடுக்காது என்பதால் மலையில் இருப்பவர்கள் இதில்தான் தவறுகிறார்கள். பிளாஸ்கில் வெதுவெதுப்பான வெந்நீரைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீர் அடர் மஞ்சளாக இறங்கினால் தண்ணீர் போதவில்லை என்று பொருள்.

புரதம் நாளொன்றுக்கு 60 கிராமாவது வேண்டும் என்பது வழக்கமான அறிவுரை. 200 மில்லி பாலில் 6 அல்லது 7 கிராமும், ஒரு முட்டையில் 6 கிராமும்தான் கிடைக்கும்; பருப்புத் தண்ணீரில் மிகக் குறைவு. ஆகவே முதல் வாரங்களில் மருத்துவர் எழுதிக் கொடுக்கும் புரதப் பொடியைத் தவிர்க்கவே முடியாது. கொதிக்கும் பாலில் போட்டால் அது திரிந்து கட்டி தட்டும். வெதுவெதுப்பான பாலில் கலக்குங்கள்.

மூன்றாம், நான்காம் வாரங்கள் மசியலுக்கு உரியவை. இங்கேதான் மலையின் உயரம் குறுக்கே வருகிறது. உதகமண்டலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே தண்ணீர் 92, 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் பருப்பின் நடுப்பகுதி வேக வெகு நேரம் பிடிக்கும். பாசிப்பருப்பை ஊறவைத்து, குக்கரில் சமவெளிக் கணக்கைவிட இரண்டு விசில் கூடுதலாக விட்டு, மத்தால் கடைந்து, வடிகட்டியில் தேய்த்து இறக்குங்கள். ஒரு துளியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருட்டிப் பாருங்கள். மணல்போல் ஏதாவது நெருடினால் இன்னொரு முறை கடைய வேண்டும். முழுதாக வேகவைத்து மசித்த முட்டை, கெட்டித் தயிர், தண்ணீர் விட்டு மசித்த பன்னீர், முள் நீக்கி மசித்த மீன் ஆகியவையும் இந்த வாரங்களுக்கு உகந்தவை. ஊட்டி கேரட்டும் பீட்ரூட்டும் கண்ணைக் கவரும். ஆனால் புரத உணவில் நான்கு கரண்டி உள்ளே போன பிறகே அவற்றுக்கு இடம் கொடுங்கள். உருளைக்கிழங்கு வெறும் மாவுச்சத்து என்பதால் அதற்கு அவசரமில்லை.

ஐந்தாம், ஆறாம் வாரங்களில் மென்மையான உணவு தொடங்கலாம். அவரை விளையும் பருவமானால், ஊறவைத்துத் தோல் பிதுக்கிய பருப்பைக் குழைய வேகவைத்து இஞ்சி, சீரகத்துடன் கொடுங்கள். படுகர் வீடுகளில் அவரைக்குத் தனி இடம் உண்டு. அந்த ருசியை அறிந்தவர்களுக்கு இது உயிர் வந்ததுபோல் இருக்கும். தோல் மட்டும் உள்ளே போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாம்பாரில் ஊறிய அரை இட்லியும், ஆவியில் வேகவைத்த மீனும் சேர்க்கலாம். குழந்தைக் கரண்டியால் எடுத்து, கூழாகும்வரை மென்று, ஒரு வேளைக்கு 20 முதல் 30 நிமிடம் எடுத்துக்கொள்ள வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. முடித்து அரைமணி நேரம் கழித்துக் குடிக்கலாம்.

புது ரொட்டி, சப்பாத்தி, பரோட்டா, ராகிக் களி, உருண்டையாகத் திரளும் சோறு ஆகிய எல்லாம் தொண்டைக்குக் கீழே பசையாகிவிடும் என்பதால் இப்போது வேண்டாம். பார்க்க வரும் உறவினர்கள் அன்போடு வர்க்கியும் சாக்லேட்டும் வாங்கி வருவார்கள். வர்க்கி மைதாவும் கொழுப்புமாகச் செய்வது. சாக்லேட்டின் சர்க்கரையோ, குறிப்பாக பைபாஸ் செய்தவர்களுக்கு, குடலில் வேகமாக இறங்கிப் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு ஆகியவற்றை உண்டாக்கும். சோடா கலந்த பானங்களும் ஆகாது.

குன்னூர்ப் பக்கம் விளையும் பெர்சிமன் பழத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் துவர்ப்புச் சத்து இரைப்பையில் உறைந்து, நாரோடு சேர்ந்து கல்போன்ற கட்டியாகக்கூடும். இரைப்பை அறுவை செய்தவர்களுக்கு இந்த ஆபத்து மிகுதி. ஆறு வாரத்துக்குப் பிறகும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடாதீர்கள்.

தேநீரை எப்போது தொடங்கலாம் என்பதையும் மருத்துவரிடமே கேளுங்கள். தொடங்கினாலும் இரும்புச்சத்து மாத்திரைக்கு அருகில் குடிக்கக் கூடாது. தேயிலை அந்தச் சத்தை உடலில் சேரவிடாது. இரும்புக்கும் கால்சியத்துக்கும் இடையே இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி எடுப்பது, காய்ச்சல், நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 120ஐத் தாண்டுவது, மூச்சுத்திணறல், கடுமையான வயிற்றுவலி, கறுத்த மலம் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் காலை விடியட்டும் என்று காத்திருக்காமல் அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். போகும் வழியிலேயே அறுவை செய்த மருத்துவரை அழைத்துச் சொல்லுங்கள். மழைக்காலமானால் மண்சரிவில் மலைப்பாதை அடைபடக்கூடும் என்பதால், இறங்க வேண்டும் என்று அவர் சொன்ன உடனே இறங்கிவிடுங்கள்.