நருசாவா பனிக்குகைக்கு அம்மாவோடு போக

நான் பிறந்து வளர்ந்தது திருவல்லிக்கேணி ஐஸ் ஹவுஸ் பக்கம். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளைச் சேமிக்க 1842இல் கட்டிய கட்டடம், இப்போது விவேகானந்தர் இல்லம். ஐஸ் நின்றுபோய்ப் பல தலைமுறை ஆகியும் ஷேர் ஆட்டோக்காரர் அந்தப் பெயரைத்தான் கூவுகிறார். ஜப்பானில் ஃபூஜி மலைக்குக் கீழே தானாக ஐஸ் உறையும் குகை ஒன்று இருக்கிறது என்று சொன்னதும், 67 வயது அம்மா, "எனக்கும் சேர்த்து டிக்கெட் போடுடி" என்றாள்.

சென்னையிலிருந்து போகிற நாம் குளிருக்குப் பயந்துதான் பெட்டியை நிரப்புவோம். நருசாவாவில் சோதிப்பது குளிர் இல்லை, முழங்காலும் ஈரப் பாறையும். உள்ளே சராசரி 3 டிகிரி. ஆனால் குகையின் நீளமே 153 மீட்டர்தான், கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிடலாம். ஒரு ஸ்வெட்டர், ஹெல்மெட்டுக்குள் அடங்கும் மங்கி கேப், கைப்பிடிக் கம்பி வழுக்காத கையுறை போதும். மிச்சமாகும் பணத்தை அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கும் ஷூவுக்குச் செலவழியுங்கள். சேலை வேண்டாம். அம்மா சுடிதாருக்கு ஒத்துக்கொள்ள ஒரு வாரம் ஆனது.

குகைக்குள் ஓரிடத்தில் கூரையின் உயரம் 91 சென்டிமீட்டர். கிட்டத்தட்ட நம் வீட்டுச் சமையல் மேடை உயரம். இதை முன்கூட்டியே சொல்லாமல் பெரியவர்களை அழைத்துப் போகாதீர்கள். ஹாலில் இரண்டு நாற்காலிக்கு நடுவே அந்த உயரத்தில் ஒரு கயிறு கட்டினோம். காப்பி குடித்ததும் அம்மா அதற்கடியில் நாலு தடவை போய் வருவாள். முதலில் இடுப்பை வளைத்தாள், முதுகு கயிற்றில் இடித்தது. பிறகு முழங்காலை மடக்கி, பாதி உட்கார்ந்தபடி ஒவ்வோர் அடியாக நகரப் பழகினாள். குகையில் அதேதான் செய்தாள்: ஒரு கை கம்பியில், ஒரு கை தொடையில், கைப்பை முன்பக்கம், கண் தரையில். இறங்கும் கற்படிகள் செங்குத்தாக, நனைந்து கிடக்கும். பக்கவாட்டில் திரும்பி இறங்குவது நல்லது. முழங்கால் மடங்கவே மடங்காது என்பவர்கள் பக்கத்திலிருக்கும் ஃபுகாக்கு காற்றுக் குகைக்கு மட்டும் போகலாம். அது 201 மீட்டர் நீளம், பெரும்பாலும் சமதளம்.

கீழே போனதும் ஐஸ் தூண்களை அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். மேலிருந்து சொட்டுகிற தண்ணீர் விழுந்த இடத்திலேயே உறைந்து, சொட்டுச் சொட்டாக உயர்ந்த தூண்கள். குகை குழியாக இறங்குவதால் குளிர்காலத்துக் குளிர்காற்று கனத்து அடியில் தங்கிவிடுகிறது. கோடையின் சூடான காற்று லேசானது, கீழே இறங்காது. சுற்றியுள்ள எரிமலைப் பாறை முழுக்கப் பொத்தல். அதில் அடைபட்ட காற்று வெப்பத்தை உள்ளே விடுவதில்லை. மண்பானைத் தண்ணீர் குளிர்வது வேறு கதை, இது பழைய காலத்து ஐஸ் பெட்டி மாதிரி. அந்தக் காலத்தில் இங்கும் ஐஸைச் சேமித்தார்கள். காற்றுக் குகையில் பட்டுப்புழு முட்டைகளை வைத்தார்கள், தேவைப்படும்வரை பொரியாமலிருக்க.

தூண்கள் நன்றாக வளர்ந்து நிற்பது ஏப்ரலில். நம் பள்ளி விடுமுறைக்குச் சரியாகப் பொருந்துகிறது, ஆனால் ஏப்ரல் 29க்கு முன்பே போய்விடுங்கள். அன்று கோல்டன் வீக் என்கிற தொடர் விடுமுறைக் காலம் தொடங்கும், ஜப்பானே கிளம்பி வந்துவிடும்.

டோக்கியோ ஷின்ஜுகுவிலிருந்து கவாகுச்சிகோ ஸ்டேஷனுக்கு பஸ்ஸில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அங்கிருந்து குகைக்கு வேறு பஸ், அது அடிக்கடி கிடையாது. இறங்கியதும் திரும்பும் நேரப் பலகையைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பனிக்குகை நிறுத்தம் ஹியோகெட்சு, காற்றுக் குகை ஃபுகெட்சு. இரண்டும் காதில் ஒன்றுபோல விழும். நாங்கள் மாற்றி இறங்கினோம், நஷ்டமில்லை. இடையில் இருபது நிமிடக் காட்டுப் பாதைதான். சாப்பாட்டுக்குப் புளிக்காய்ச்சல் கொண்டுபோனோம். அங்கே கன்வீனியன்ஸ் கடைகளில் வெறும் சாதம் டப்பாவில் கிடைக்கும், சூடும் பண்ணித் தருவார்கள்.

அந்தப் பாதை போகிற காடுதான் ஆவோகிகஹாரா. 864இல் ஃபூஜி வெடித்து ஓடிய குழம்பு இங்கிருந்த பெரிய ஏரியைப் பிளந்தது. மிச்சம்தான் சாய்கோ, ஷோஜிகோ ஏரிகள். குழம்பு ஆறிய பாறைமேல் முளைத்தது இந்தக் காடு. எங்கள் பார்த்தசாரதி கோயிலில் தந்திவர்ம பல்லவன் கல்வெட்டு இருக்கிறதே, அதற்குச் சில பத்தாண்டுகள் பிந்தியது இந்தத் தரை. இத்தனை காலம் கழித்தும் மண் விரல்கடை அளவுதான். வேர்கள் உள்ளே போக வழியின்றி, பாறையைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டு வெளியே படர்ந்திருக்கின்றன, அவற்றின்மேல் பச்சைப் பாசி.

பாதையை விட்டு ஓர் அடிகூட விலகாதீர்கள். பாசிக்கடியில் பொந்துகள் உண்டு. தேசியப் பூங்கா என்பதால் ஒரு கல்லைக்கூட எடுக்கக் கூடாது. திசைகாட்டி இங்கே வேலை செய்யாது என்பது மிகை. பாறைமேல் வைத்தால் முள் கொஞ்சம் அலையும், கையில் தூக்கிப் பிடித்தால் சரியாகக் காட்டும். இந்தக் காட்டின் பெயரோடு, இங்கே வந்து உயிரை விட்டவர்களின் துயரங்கள் சேர்ந்திருக்கின்றன. அவற்றைத் தேடிக்கொண்டு கேமராவோடு போவது மனிதத்தன்மை இல்லை.

இருபது நிமிடப் பாதை எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அம்மா ஒவ்வொரு வேரையும் குனிந்து பார்த்தாள். அதற்கும் சேர்த்துக் கணக்குப் போட்டு பஸ்ஸைத் தேர்ந்தெடுங்கள்.