குரோமோசோம் விரியவில்லையா? முதலில் ஈரப்பதமானியைப் பாருங்கள்

குரோமோசோம் பரிசோதனைக்காக வைத்த கல்ச்சர் (வளர்ப்புச் செல்கள்) நன்றாக வளர்ந்திருக்கும். ஆனாலும் ஸ்லைடில் மெட்டாஃபேஸ்கள் (பிரியும் செல்லில் தெளிவாகத் தெரியும் குரோமோசோம் தொகுதிகள்) கொத்தாகச் சுருண்டு கிடக்கும். உடனே செல்லை உப்பவைக்கும் பொட்டாசியம் குளோரைடு கரைசலைக் (0.075 மோலார்) குறை சொல்லாதீர்கள். செல்களைப் பதப்படுத்தும் திரவமான ஃபிக்ஸேட்டிவ் ஸ்லைடில் எவ்வளவு வேகமாகக் காய்கிறது என்பதும் விரிவைத் தீர்மானிக்கிறது. அறையில் ஏறக்குறைய 25 டிகிரி, 50 சதவீத ஈரப்பதம் இருந்தால் வசதி.

ஒரு மாதிரிக்கு ஒரே ஒரு சோதனை ஸ்லைடு போட்டு, சாயமேற்றாமல் ஃபேஸ் கான்ட்ராஸ்ட் நுண்ணோக்கியில் (சாயமில்லாமலே செல்லைக் காட்டுவது) பாருங்கள். குரோமோசோம்கள் கண்ணாடிபோல் பளபளத்து நெருங்கிக் கிடந்தால் சீக்கிரம் காய்ந்துவிட்டது என்று பொருள். ஏசி அறையில் அடிக்கடி நடப்பது. அடுத்த ஸ்லைடை வெந்நீர்த் தொட்டியின் ஆவியில் சில நொடி காட்டிவிட்டுச் செல் கலவையைத் துளி விடுங்கள். வெளிறித் தட்டையாகச் சிதறியிருந்தால் காய்வது மந்தம். மழைக்காலத் தொல்லை இது. ஸ்லைடை இளஞ்சூட்டுத் தட்டில் வைத்துக் காயவிடுங்கள்.

சுற்றிலும் சாம்பல் நிற மூட்டம் தெரிந்தால் அது சைட்டோபிளாசம், அதாவது செல்லின் உள்கூழ். மெத்தனால் மூன்று பங்கு, அசிட்டிக் அமிலம் ஒரு பங்கு என்று அப்போதே கலந்த ஃபிக்ஸேட்டிவில் செல்களை இன்னும் இரண்டு முறை கழுவுங்கள். நேற்றுக் கலந்தது மிச்சமிருந்தால் கொட்டிவிடுங்கள், சிக்கனம் பார்க்க வேண்டாம்.

அதிகம் விரிந்தாலும் ஆபத்துதான். செல் உடைந்து ஒரு குரோமோசோம் தொலைந்தால் எண்ணிக்கை 46-க்குப் பதில் 45 வரும். அது நோயாளியின் குறையா, ஸ்லைடின் குறையா என்று பிரிக்கக் கூடுதல் செல்களை எண்ண வேண்டிவரும்.