பாட்டிலில் எத்தனை தேக்கரண்டி சர்க்கரை?

குளிர்பானம் வாங்கும்போது, ஊட்டச்சத்து அட்டவணையில் 100 மில்லிக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்று பார்த்து, அதைப் பாட்டிலின் முழு அளவுக்குக் கணக்கிட்டு, 4 ஆல் வகுத்துவிடுங்கள். வருவதுதான் தேக்கரண்டிக் கணக்கு.

ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை ஏறத்தாழ 4 கிராம் என்பதால் இக்கணக்கு பொருந்துகிறது. 100 மில்லிக்கு 10 கிராம் என்றிருந்தால் (கோலா வகைகள் பலவும் இந்த அளவை ஒட்டியே இருக்கின்றன) 600 மில்லி பாட்டிலில் 60 கிராம், அதாவது 15 தேக்கரண்டி. பெரியவர்கள் ஒரு நாளில் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரையைச் சுமார் 25 கிராமுக்குள் வைத்துக்கொள்வது கூடுதல் நன்மை தரும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் கூறியதை இத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள். திரவமாக உள்ளே செல்லும் சர்க்கரை வயிற்றை நிறைப்பதில்லை. அதனால் அடுத்த வேளை உணவும் பெரிதாகக் குறைவதில்லை, உடல் எடையும் இரண்டாம் வகை நீரிழிவு, பற்சொத்தை ஆகியவற்றுக்கான வாய்ப்பும் கூடுகின்றன. சில அட்டவணைகளில் ஒரு பரிமாறலுக்கான அளவும் அச்சிடப்பட்டிருக்கும். அது முழுப் பாட்டிலுக்கானது என்று எண்ணிவிட வேண்டாம்.

பால் கலந்த பானங்களில் பாலின் இயற்கைச் சர்க்கரையும் மொத்தத்தில் சேர்ந்துவிடுவதால், அங்கே ‘சேர்க்கப்பட்ட சர்க்கரை’ என்ற வரியை மட்டுமே பார்க்க வேண்டும். சர்க்கரையற்ற கோலாவுக்குக் கணக்கு பூஜ்ஜியமாகவே வரும், ஆனால் அதிலுள்ள அமிலம் பல்லின் மேற்பூச்சை அரிக்கும். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவருக்கு இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து வியர்வையும் நடுக்கமும் கண்டால், அவர் விழுங்கும் நிலையில் இருக்கும்வரை, கணக்குப் பார்க்காமல் சர்க்கரை உள்ள இனிப்புப் பானத்தை உடனே கொடுங்கள்.